வெட்டாமலே பழத்தின் உள்ளே பார்க்கலாம்!



ஒரு மாங்காய் முற்றியதா, இளங்காயா என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? “வெட்டிப் பார்த்தா தெரிஞ்சிடும்” என்றுதான் எல்லாரும் சொல்வோம். ஆனால் வெட்டின காயை யார் வாங்குவார்கள்? எங்க வீட்டில் ஐந்து மாமரங்கள் உள்ளன. விலை பேச வரும் வியாபாரி, மரத்துக்கு நாலு காய் பறித்து அறுத்துப் பார்ப்பார். அந்த இருபது காய்க்கும் காசு கிடையாது. வெட்டாமலே சொல்ல வழி இருக்கிறது. அதற்குப் பெயர் அடர்த்தி.

அடர்த்தி = நிறை ÷ பருமன். இது நம் அறிவியல் பாடத்திலேயே இருக்கு. நிறையைத் தராசு சொல்லிவிடும். பருமனை எப்படி அளப்பது?

முதல் வழி: தண்ணீர்

கிராம் கணக்கில் காட்டும் எலக்ட்ரானிக் தராசின் மேல், பாதி தண்ணீர் உள்ள பிளாஸ்டிக் டப்பாவை வையுங்கள். தராசைப் பூஜ்ஜியம் ஆக்குங்கள். காயை நூலில் கட்டி, முழுவதும் மூழ்கும்படி தொங்கவிடுங்கள். அடியிலோ பக்கத்திலோ இடிக்கக் கூடாது. இப்போது தராசு காட்டும் எண்தான் பருமன்! 250 கிராம் காட்டினால் 250 கன செ.மீ.

ஏன் தெரியுமா? ஆர்க்கிமிடிஸ் தத்துவம்தான். காய் எவ்வளவு தண்ணீரை விலக்குகிறதோ, அந்தத் தண்ணீரின் எடை அளவுக்குத் தண்ணீர் காயை மேலே தள்ளுகிறது. காயும் அதே அளவு தண்ணீரைக் கீழே தள்ளும். அதைத் தராசு காட்டிவிடுகிறது. 1 கன செ.மீ. தண்ணீரின் நிறை 1 கிராம் என்பதால் கணக்கு சுலபம்.

மிதக்கும் பழம் என்றால் சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியால் லேசாக அழுத்தி மூழ்க வையுங்கள். விரல் தண்ணீரில் படக் கூடாது.

ஒரே மரத்துக் காய் இரண்டை நான் அளந்தேன்.

முதல் காய்: 255 கிராம், 250 கன செ.மீ., அடர்த்தி 1.02
இரண்டாம் காய்: 192 கிராம், 198 கன செ.மீ., அடர்த்தி 0.97

முதல் காய் தண்ணீரில் மூழ்கியது. இரண்டாவது மிதந்தது. சரிபார்க்க இரண்டையும் அறுத்தோம். மூழ்கியதில் சதை மஞ்சள், மிதந்ததில் வெள்ளை. மாங்காய் முற்ற முற்ற உள்ளே மாவுச்சத்து சேருது, அடர்த்தி கூடுது. முற்றிய காய்க்குச் சுமார் 1.01 முதல் 1.02 வரை இருக்கும். தராசு இல்லாவிட்டாலும் ஒரு வாளித் தண்ணீர் போதும்!

இரண்டாம் வழி: நூல்

தர்பூசணியை டப்பாவில் போட முடியாதே! உருண்டைப் பழமாக இருந்தால் நடுவில் நூலைச் சுற்றி அளக்கவும். அந்த அளவை மூன்று முறை பெருக்கி 59-ஆல் வகுத்தால் பருமன் வந்துவிடும். கோளத்தின் கன அளவுச் சூத்திரத்திலிருந்து வருவதுதான் இந்த 59. சுற்றளவு 63 செ.மீ. என்றால் 63 × 63 × 63 ÷ 59 = சுமார் 4,238 கன செ.மீ. பழம் 4 கிலோ இருந்தால் அடர்த்தி சுமார் 0.94. இது தோராயக் கணக்குதான்.

கவனிக்க வேண்டியவை

தர்பூசணி, ஆப்பிள், சாத்துக்குடி எல்லாம் நன்றாக இருந்தாலும் மிதக்கும். ஆகவே மிதந்தால் இளங்காய் என்று எல்லாப் பழத்துக்கும் சொல்லக் கூடாது. ஒரே ரகத்தோடுதான் ஒப்பிட வேண்டும். காயில் ஒட்டிய காற்றுக் குமிழியைத் தட்டிவிடுங்கள். அளந்த பிறகு ஈரத்தைத் துடைத்து வையுங்கள். இல்லாவிட்டால் அழுகிவிடும்.

இளங்காயாகப் பறித்தால் சரியாகப் பழுக்காது, சுருங்கிப்போகும். அதைப் பழுக்க வைக்கத்தான் சிலர் கார்பைடு கல் வைக்கிறார்கள். கார்பைடு வாயுவில் பழுக்க வைத்த பழத்தை விற்க 2011-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிமுறைகள் தடை விதித்துள்ளன. முற்றிய காயை மட்டும் பறித்தால் வைக்கோலிலேயே நன்றாகப் பழுக்கும். கல்லுக்கு என்ன வேலை?

யோசியுங்கள்: தோலோடு சாத்துக்குடி மிதக்கும். உரித்துப் போட்டால் பெரும்பாலும் மூழ்கும். எடை குறைந்தும் மூழ்குவது ஏன்? விடையை எழுதி இந்தப் பலகைக்குக் கீழே ஒட்டுங்கள்!

– 9-ஆம் வகுப்பு மாணவி