மேற்கோட் கணக்கும் ஆராய்ச்சிப் பெருமையும்

ஆராய்ச்சியாளர் ஒருவர் வெளியிட்ட கட்டுரைகள் இத்தனை, அவற்றைப் பிறர் தம் கட்டுரைகளில் எடுத்தாண்டது இத்தனை முறை என்று எண்ணி, அவ்வெண்ணையே அவரது பெருமைக்கு அளவாகக் கொள்ளும் வழக்கம் இந்நாளில் மிகுந்துவிட்டது. 2015-ஆம் ஆண்டில் இந்திய அரசினர் வகுத்த கல்வி நிறுவனத் தரவரிசையிலும் இவ்வெண் புகுந்துள்ளது. ஆராய்ச்சித் துறையை நாடும் நம் மாணாக்கர் பலராதலின், இக்கணக்கின் இயல்பைச் சிறிது ஆராய்வாம்.

மேற்கோள் தமிழர்க்குப் புதிதன்று. வளையாபதியும் குண்டலகேசியும் முழு நூல்களாக நமக்குக் கிட்டவில்லை. உரையாசிரியர்கள் எடுத்தாண்டமையாலும் தொகை நூலில் இடம்பெற்றமையாலும் சில செய்யுட்களே எஞ்சின. ஆயினும் எந்த உரையாசிரியரும் மேற்கோளைத் தலையெண்ணினாரல்லர். அத்தொழிலைப் பெருமுயற்சியாகத் தொடங்கியவர் அமெரிக்க நாட்டுப் பிலடெல்பியா நகரத்து யூஜின் கார்ஃபீல்டு என்பார். 1955-இல் அவர் இதனைக் கூறியபோது, ஒரு கருத்து எவ்வெக் கட்டுரைகளின் வழியே சென்றது எனத் தேடிக் காண்டற்குரிய அட்டவணையாகவே பெரிதும் கருதினார். மனிதரை நிறுக்கும் தராசாக அது மாறியது பின்னர். 2005-இல் ஹிர்ஷ் என்னும் பௌதிகப் பேராசிரியர் ஓர் எளிய எண்ணை வகுத்தார். ஒருவர் எழுதிய நாற்பது கட்டுரைகளுள் பன்னிரண்டு மட்டும் தனித்தனியே பன்னிரண்டு முறைக்குக் குறையாமல் எடுத்தாளப்பட்டு, ஏனையவை அவ்வளவு எட்டாவாயின், அவரது எண் பன்னிரண்டு. மூன்றே கட்டுரை எழுதி, அவை மூன்றும் உலகையே புரட்டினும், அவரது எண் மூன்றைத் தாண்டாது!

நிற்க. கணக்கீட்டு இரசாயனத்தில் இவ்வளவையின் விந்தை நன்கு விளங்கும். குடுவையும் அடுப்புமின்றி, அணுக்களின் நிலையைக் கணிதத்தாலும் கணிப்பொறியாலும் அறியும் துறை இது. விலையுயர்ந்த கருவிகளில்லாப் பொருநைக் கரைக் கல்லூரிகளுக்கும் ஏற்றது. வால்டர் கோன் என்பார் 1964-இலும் 1965-இலும் முறையே ஹோஹென்பெர்க்கோடும் ஷாமோடும் எழுதிய கட்டுரைகளே இத்துறையின் பெரியதொரு கிளைக்கு வேராவன. 1998-இல் அவர் நோபெல் பரிசும் பெற்றார். ஆயினும், மிகுதியாக எடுத்தாளப்பட்ட நூறு கட்டுரைகளை 2014-இல் 'நேச்சர்' இதழ் வரிசைப்படுத்தியபோது முதற் பத்தினுள் நின்றவை அவையல்ல. அக்கொள்கையை நடைமுறைக் கணக்கிற்கு ஏற்ற வாய்பாடாக்கிய லீ, யாங், பார் ஆகிய மூவரின் கட்டுரையும் பெக்கே என்பாரின் கட்டுரையுமாம். வாய்பாட்டைக் கையாள்வோர் ஒவ்வொருவரும் அவற்றைச் சுட்டுவர். வேரைச் சுட்டுவோர் குறைவு. பெக்கே முதலியோர் பணி சிறிதென்பது எம் கருத்தன்று. கருவி செய்தவனுக்கு எண் மிகும் என்பதே நாம் கூறுவது.

இனி நம் நாட்டுச் சான்று ஒன்று காண்பாம். கோ. நா. இராமச்சந்திரன் 1952-இல் சென்னைப் பல்கலைக்கழகப் பௌதிகத் துறைத் தலைவராக வந்தார். தோலிலும் தசைநாணிலும் உள்ள கொலாஜன் என்னும் புரதம் மூன்று புரிகள் முறுக்கிய கயிறு போன்றதென்று, கோபிநாத் கர்த்தாவோடு 1954, 1955 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்டார். கிரிக், ரிச் ஆகிய அறிஞர்கள், அவ்வமைப்பில் சில அணுக்கள் அளவுக்கு மிஞ்சி நெருங்கியுள்ளன எனத் தடை கூறினர். அங்ஙனமாயின் இரண்டு அணுக்கள் எத்துணை நெருங்கலாம்? இவ்வினாவைத் தாமே கையிலெடுத்தார் இராமச்சந்திரன். அறிந்த படிகங்களிலிருந்து அணுக்களின் இடைவெளிகளைத் தொகுத்து, புரதச் சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியிலும் திரும்பவல்ல இரு கோணங்களைச் சிறிது சிறிதாக மாற்றி, எந்நிலையில் அணுக்கள் மோதும், எந்நிலையில் மோதா என்று கணக்கிட்டனர். இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகிய இருவரும் உடனுழைத்தனர். இக்காலக் கணிப்பொறிகள் அவர்கட்கில்லை. மேசைக் கணக்குப் பொறியில் உழைத்தே கண்டனர். பெரும்பகுதி விலக்கப்பட்ட நிலமாகவும், சிறு தீவுகளே புரதம் தங்கற்கு இயன்ற இடமாகவும் விளங்கிய அப்படம் 1963-இல் வெளிவந்தது. இன்று உலகில் எங்கு ஒரு புரதத்தின் வடிவம் கண்டறியப்படினும் 'இராமச்சந்திரன் படம்' வரைந்தே அதன் பிழை நோக்குகின்றனர். அவ்வாறு வரைவோரிற் பலர் 1963-ஆம் ஆண்டுக் கட்டுரையைச் சுட்டுவதில்லை. பெயரே பொதுச்சொல்லாகிவிட்டபின் சுட்டுவானேன் என்பது போலும்!

தாமிரபரணியின் எட்டு அணைகளுள் இறுதியானது ஸ்ரீவைகுண்டம். அங்கு நின்று நீரை அளப்பவன் கண்ணுக்குக் கன்னடியன் காலும் சுத்தமல்லிக் காலும் பாய்ச்சிய வயல்களின் நீர் தென்படாது. மேற்கோட் கணக்கும் இத்தகையதே. அன்றியும், தம் கட்டுரையைத் தாமே சுட்டி எண்ணைப் பெருக்குவோரும், நண்பர் குழுவாக ஒருவரையொருவர் சுட்டுவோரும், பணம் பெற்று எதையும் அச்சிடும் போலி இதழ்களும் இக்காலத்தில் உளர், உள. பதவியும் பட்டமும் எண்ணையே நம்பியிருக்குமாயின் இவை பெருகாதொழியுமோ?

எண் முற்றும் பயனற்றதென்று நாம் கூறவில்லை. ஒரே துறையில், ஒத்த ஆண்டுகள் உழைத்த இருவரை ஒப்பிடற்கு ஓரளவு உதவும். கணித நூலாரை இரசாயன நூலாரோடு ஒப்பிடின் பிழைபடும். கணிதக் கட்டுரைகள் குறைவாகவே சுட்டப்படுகின்றன.

இராமச்சந்திரன் குழுவினரின் அக்கட்டுரை 'ஜர்னல் ஆப் மாலிகுலர் பயாலஜி' ஏழாம் தொகுதியில் 95 முதல் 99 வரை ஐந்தே பக்கத்தில் அடங்கியது. முக்கோணக் கணிதமும் சிறிது இரசாயனமும் கற்ற மாணாக்கர் ஆசிரியர் ஒருவரோடு அமர்ந்தால் ஒரு மாலைப்பொழுதிற் படித்து முடிக்கலாம்.