எண்ணெய்க் கம்பெனிக்கு எட்டுக் கை! அமெரிக்காவைக் கலக்கிய கார்ட்டூன்

ஒரு பெரிய கம்பெனியின் தில்லுமுல்லுகளைப் பக்கம் பக்கமாக எழுதினால் எத்தனை பேர் படிப்பார்கள்? பஸ்சுக்கு நிற்கிறவருக்கு அவ்வளவு நேரம் ஏது? அதையே ஒரு படமாகப் போட்டுக் காட்டினால்? ஒரு பார்வை போதும். விஷயம் "பளிச்"!

அப்படி ஒரு படம் 1904-ம் ஆண்டு செப்டம்பர் 7-ந் தேதி அமெரிக்காவில் வெளிவந்தது. வெளியிட்டது நியூயார்க்கின் "பக்" என்ற நையாண்டிப் பத்திரிகை. வரைந்தவர் உடோ கெப்ளர். பத்திரிகையைத் தொடங்கிய ஜோசப் கெப்ளரின் மகன். அப்பாவும் கார்ட்டூன்காரர்தான்!

மண்எண்ணெய் ராஜ்யம்

அமெரிக்க வீடுகளில் மண்எண்ணெய் விளக்கு எரிந்த காலத்தில், 1870-ல், ராக்பெல்லர் "ஸ்டாண்டர்டு ஆயில்" கம்பெனியைத் தொடங்கினார். பத்தே ஆண்டுகளில் நாட்டின் எண்ணெய் சுத்திகரிப்பில் சுமார் 90 சதவீதம் அவர் பிடியில்!

ரெயில்வே கம்பெனிகளிடம் ரகசியத் தள்ளுபடி வாங்கினார். அவர் சரக்குக்குக் கூலி குறைவு. சின்ன வியாபாரிக்கு முழுக்கூலி. எப்படித் தாக்குப்பிடிப்பது? பலர் ராக்பெல்லரிடமே விற்றுவிட்டு ஒதுங்கினார்கள்.

இதைத் தோண்டி எடுத்தவர் ஒரு பெண்மணி. பெயர் ஐடா டார்பெல். பென்சில்வேனியா எண்ணெய் வயல் பகுதியில் வளர்ந்தவர். அவருடைய தந்தையும் அந்தத் தொழிலில் அடிபட்டவர். 1902 நவம்பர் முதல் "மெக்ளூர்ஸ்" பத்திரிகையில் அவர் எழுதிய தொடர், 1904-ல் புத்தகமானது. அதே ஆண்டுதான் கெப்ளரின் படமும் வந்தது.

படத்தில் என்ன?

ஒரு ராட்சச ஆக்டோபஸ். நம்ம மீனவர்கள் பேய்க்கணவாய் என்பார்களே, அதேதான். எண்ணெய்த் தொட்டிதான் அதன் உடம்பு. மேலே "ஸ்டாண்டர்டு ஆயில்" என்று எழுத்து. எஃகு, தாமிரம், கப்பல் தொழில்களை அதன் கைகள் வளைத்துப் பிடித்திருக்கின்றன. ஒரு மாநில சட்டசபைக் கட்டிடமும், அமெரிக்கப் பாராளுமன்றமும் அதன் பிடியில். இன்னொரு கை மெல்ல நீளுகிறது. எங்கே? ஜனாதிபதியின் வெள்ளை மாளிகையை நோக்கி! கீழே ஒரே வார்த்தை: "அடுத்தது!"

"பக்" படங்கள் அச்சானது லித்தோ முறையில். எண்ணெய்ப் பசையும் தண்ணீரும் ஒட்டாது என்பதுதான் அதன் சூட்சுமம். எண்ணெய்க் கம்பெனியை வாரிய படத்துக்கு எண்ணெய்தான் கைகொடுத்தது!

கிளி வரையாதே!

கார்ட்டூன் என்றால் அந்தக் காலத்தில் பெரிய மனிதர்களுக்கு நடுக்கம். எண்ணெய் பிறந்த பென்சில்வேனியாவில் கவர்னர் தேர்தலுக்கு நின்ற ஒருவரை, 1902-ல் ஒரு பத்திரிகை கிளியாக வரைந்தது. ஆள் ஜெயித்து கவர்னரானார். உடனே, 1903-ல், மனிதர்களைப் பறவை, விலங்காக வரையக் கூடாது என்று மசோதா வந்தது!

கார்ட்டூன்காரர்கள் சளைத்தவர்களா? ஒருவர் அரசியல்வாதிகளை மரமாக, பீர் குவளையாக, உருளைக்கிழங்காக வரைந்து தள்ளினார்! அந்த மசோதா நிறைவேறவில்லை. ஆனால் அதே ஆண்டு பத்திரிகைகளுக்கு எதிராகக் கடுமையான அவதூறுச் சட்டம் ஒன்று வந்தது. 1907-ல் அதுவும் ரத்தானது.

34 துண்டு

1906-ல் மத்திய அரசு ஸ்டாண்டர்டு ஆயில் மீது வழக்குப் போட்டது. 1911 மே 15-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு சொன்னது: கம்பெனியைப் பிரித்துவிடு! 34 துண்டானது.

வெறும் படத்தால் இது நடக்கவில்லை. டார்பெலின் எழுத்து, அரசின் வழக்கு, கோர்ட்டின் தீர்ப்பு எல்லாம் சேர்ந்த வேலை. ஆனால் சரக்குக் கூலிக் கணக்குப் புரியாத சாமானியனுக்கும் பேய்க்கணவாய் புரிந்தது.

அந்த 34-ல் ஒரு துண்டின் வாரிசுதான் "எஸ்ஸோ". "எஸ்", "ஓ" என்ற இரண்டு எழுத்தும் ஸ்டாண்டர்டு ஆயில்தான்! இந்தியாவில் அதன் வியாபாரத்தை அரசு 1974-ல் எடுத்துக்கொண்டது. அதுவே இந்துஸ்தான் பெட்ரோலியம் ஆனது. நம்ம ஊர் பெட்ரோல் பங்க்கிலும் அந்தப் பேய்க்கணவாயின் பழைய கதை கொஞ்சம் ஒட்டியிருக்கிறது!