இணையப் பக்கத்தின் இலக்கணம்: தாமே கற்போருக்கு ஒரு வழி

இணையப் பக்கம் அமைக்கக் கணிதப் புலமையோ விலையுயர்ந்த மென்பொருளோ வேண்டுவதில்லை. அதற்குரிய எச்.டி.எம்.எல். ஒரு குறியீட்டு மொழி. 1990களின் தொடக்கத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ வகுத்த இம்மொழி, பனுவலில் எது தலைப்பு, எது பத்தி, எது பட்டியல் என்பதை உலாவிக்கு உணர்த்துகிறது. வேற்றுமை உருபு, தொடரில் ஒரு பெயர் ஆற்றும் பணியைக் காட்டுவது போன்றதே இது. ஆதலின், இலக்கணம் பயின்றோர் இதனை அஞ்ச வேண்டியதில்லை.

நோட்பேட் போன்ற எளிய செயலியில் சில வரிகளை எழுதி, எச்.டி.எம்.எல். கோப்பாகச் சேமித்து, உலாவியில் திறந்தால் பக்கம் தோன்றும். இதற்கு இணையத் தொடர்பும் தேவையில்லை. பெரும்பாலான குறிகள் இணையாக வரும். முதற்குறி ஒரு பகுதியைத் திறக்கும். சாய்கோடு பெற்ற குறி அதனை மூடும். ஒன்றனுள் ஒன்று அமையுமாயின், உள்ளே திறந்ததை முதலில் மூடுதல் வேண்டும்.

தாமே கற்போர்க்கு இங்கு ஓர் இடர் உண்டு. பிழையான பக்கத்தையும் உலாவி ஊகித்துக் காட்டிவிடும். கண்ணுக்குச் சரியாகத் தோன்றுவதால் பிழை மறைந்துவிடும். தலைப்பைக் குறியால் சுட்டாமல் எழுத்தை மட்டும் பெரிதாக்கினால், பார்வையற்றோர்க்கு உதவும் திரைவாசிப்பான் அதனைத் தலைப்பென அறியாது. பக்கத்தின் மொழி தமிழ் என்று தொடக்கத்திலேயே அறிவிக்காவிடின், அது வேற்றுமொழிக் குரலில் படிக்க முற்படவும் கூடும்.

குறியேற்றமும் இத்தகையதே. 1990களில் தமிழ் எழுத்துருக்கள் வெவ்வேறு குறியேற்றங்களைக் கொண்டிருந்தன. உரிய எழுத்துரு இல்லாத கணினியில் தமிழ் பொருளற்ற குறிகளாய்ச் சிதறியது. 1997இல் சிங்கப்பூரில் நடைபெற்ற தமிழ்நெட் 97 மாநாடு இச்சிக்கலை ஆராய்ந்தது. இன்று ஒருங்குறி இதனைத் தீர்த்துள்ளது. எனினும், கோப்பை யூ.டி.எஃப்.-8 முறையில் சேமித்து, அதனைப் பக்கத்தின் தலைப்பகுதியில் குறிப்பிடுதல் எழுதுவோர் கடமையாகும்.

தலைப்பு, பத்தி, பட்டியல் ஆகியவற்றை முதலில் பழகுக. அடுத்து இணைப்பையும் படத்தையும் சேர்க்க. ஒவ்வொரு படத்துக்கும் அதனை விளக்கும் மாற்றுரை தருக. தோற்றத்தை ஒழுங்குபடுத்தும் சி.எஸ்.எஸ். அதன்பின் வரட்டும். பிறர் அமைத்த பக்கங்களின் மூலநிரலை உலாவியிலேயே திறந்து படிக்கலாம். டபிள்யூ3சி அமைப்பின் இலவசச் சரிபார்ப்பியில் தம் பக்கத்தை இட்டால், பிழையுள்ள வரியை அது சுட்டிக்காட்டும்.

ஆசிரியர்கள் முதற்பயிற்சியைச் சிறியதாக வைத்தல் நன்று. வீட்டுப் பெரியோரிடம் கேட்டறிந்த பத்துப் பழமொழிகளை, பொருளுடன் ஒரு பக்கமாக அமைக்குமாறு மாணவரைப் பணிக்கலாம். முடித்ததும், அப்பக்கத்தைத் திரைவாசிப்பான் வழியே வகுப்பில் ஒலிக்கச் செய்க. குறியீட்டின் பயனை மாணவர் தம் செவியாலேயே உணர்வர்.