செயின் அறுந்தால் என்ஜினே காலி! பழைய மோட்டார் சைக்கிள்காரர்களே, உஷார்!

ராமநாதபுரம்:

பாம்பன் ரோடு பாலத்தில் பழைய புல்லட் ஒன்று "டப்... டப்..." என்று போனால் திரும்பிப் பார்க்காதவர் உண்டா? ஜாவா, எஸ்டிக்கும் அதே மவுசுதான்.

ஆனால் அந்தக் கம்பீரம் எல்லாம் ஒரு செயினில் தொங்குகிறது!

ஓடும்போது செயின் அறுந்தால் என்ன ஆகும்? வெளியே விழுந்தால் தப்பித்தீர்கள். முன் ஸ்பிராக்கெட்டில் சுருட்டிக்கொண்டால் பின் சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். ஆள் விழுவார். என்ஜின் கூடே உடையும். மைசூர் ஐடியல் ஜாவா தொழிற்சாலை மூடியது 1996-ல். உடைந்த கூட்டுக்குப் பதில் கூடு தேடி அலையணும்!

உப்பு செய்யும் வேலை

பாம்பன், மண்டபம் வட்டாரத்தில் இரும்பு படும் பாடு ஊரறிந்தது. காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், துரு பற்றி ஆராய மண்டபத்தில் தனிக் கிளையே வைத்திருக்கிறது.

1914-ல் திறந்த பழைய ரெயில் பாலத்தையே அரித்த காற்று, புல்லட் செயினை விடுமா? அரிச்சல்முனை மணலும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம். எண்ணெயோடு குழைந்து உப்புத்தாள் மாதிரி தேய்க்கும்.

ஸ்கேல் எடுங்க!

செயின் 'நீண்டுபோச்சு' என்கிறோம். உண்மையில் இரும்பு நீளுவதில்லை. உள்ளே ஆணியும் புஷ்ஷும் தேய்கின்றன.

செயினை இழுத்துப் பிடித்து, ஓர் ஆணியில் தொடங்கி 21-வது ஆணி வரை அளந்து பாருங்கள். அரை அங்குலச் செயின் புதிதில் 254 மில்லி மீட்டர் இருக்கும். 259-ஐ தொட்டால் கழற்றி எறியுங்கள். புல்லட்டின் 5/8 அங்குலச் செயின் என்றால் புதிதில் 317.5, 324 வந்தால் ஆயுள் முடிந்தது.

நம்பரில் இருக்கு சூட்சுமம்

"அண்ணே, புல்லட் செயின் ஒண்ணு குடுங்க"ன்னு மட்டும் கேட்காதீங்க. நம்பர் சொல்லிக் கேளுங்க.

முதல் எண், ஆணிக்கு ஆணி உள்ள தூரம். 4 என்றால் அரை அங்குலம். 5 என்றால் 5/8 அங்குலம். அடுத்த இரண்டு எண்கள் உள் அகலத்துக்கு. 428-க்கு அகலம் 5/16 அங்குலம். 520-க்கு கால் அங்குலம். 530-க்கு 3/8 அங்குலம்.

ஜாவா, எஸ்டிக்கு 428. ஆனால் பழைய வண்டியில் யார் எதை மாற்றி வைத்தார்களோ! பழைய செயினைக் கையோடு கொண்டுபோய், கண்ணிகளையும் எண்ணிப் பார்த்து வாங்குவதே புத்திசாலித்தனம்.

இதற்காக வெளிநாட்டுக்கு எழுதிப்போட வேண்டியதில்லை. சென்னை டி.ஐ. டைமண்டும், கோவை எல்.ஜி. பாலகிருஷ்ணன் கம்பெனியின் ரோலானும் நம்ம ஊர்ச் சரக்குதான்.

பல்லும் மாறணும்

ஸ்பிராக்கெட் பல் கொக்கி மாதிரி வளைந்திருந்தால் அதையும் மாற்றுங்கள். தேய்ந்த பல்லில் புதுச் செயினைப் போட்டால் அதுவும் சீக்கிரமே பாழ்!

பழைய புல்லட்டில் முன் ஸ்பிராக்கெட் கிளட்சுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். கிளட்சையே கழற்றணும். "கூலி ஜாஸ்தி, அடுத்த தடவை பார்த்துக்கலாம்" என்று பலர் விடுவது இங்கேதான்.

பளபளப்பைக் கண்டு ஏமாறாதீங்க

"எவர்சில்வர் செயின் போட்டா துருவே பிடிக்காதே?" நியாயமான கேள்விதான். ஆனால் அதே அளவு சாதாரண எஃகுச் செயின் தாங்கும் இழுவையை அது தாங்காது. மோட்டார் சைக்கிளுக்கு ஆகாது.

தங்க முலாம் மாதிரி மின்னும் பூச்சு துருவைக் கொஞ்சம் தள்ளிப்போடும். பலம் கூட்டாது.

'ஓ ரிங்' செயினில் ரப்பர் வளையம் கிரீஸை உள்ளேயே அடைத்து வைக்கும். உப்பை உள்ளே விடாது. கடலோரத்துக்கு நல்ல சரக்கு. ஒரே வில்லங்கம், தடிமன் கூடுதல். ஜாவாவின் மூடிய செயின் பெட்டியில் உரசும். போடுமுன் இடைவெளியைப் பாருங்கள். இதைப் பெட்ரோலில் கழுவினால் ரப்பர் கெட்டுவிடும்.

மீன் பார்த்தால் போதும்

செயின் லாக்கின் கிளிப் பார்க்க மீன் மாதிரி இருக்கும். மீன் தலையை முன்னே வைத்துத்தானே நீந்தும்? அதேபோல மூடிய முனை செயின் ஓடும் திசையில் இருக்க வேண்டும். வால் முன்னே போனால் கிளிப் கழன்று ஓடிவிடும்!

தனுஷ்கோடி போய்வந்தால் அன்றைக்கே செயினைத் துடைத்து, 90 நம்பர் கியர் ஆயிலை மெலிசாகத் தடவுங்கள். விடிந்தால் துரு எட்டிப் பார்க்கும்!

1988-ல் திறந்த ரோடு பாலம் 2 கிலோ மீட்டருக்கு மேல் நீளம். நடுக்கடலில் செயின் அறுந்தால், புல்லட்டைத் தள்ளிக்கொண்டு கரை சேர்வதற்குள் நாக்கு தள்ளிவிடும்!