மாதம் தவறாமல் ஏன்?

நாய்க்குக் கொடுக்கும் இதயப்புழுத் தடுப்பு மருந்து கொசுக்கடியைத் தடுப்பதில்லை. புழு உள்ளே நுழைவதையும் தடுப்பதில்லை. நுழைந்துவிட்ட இளம்புழுக்களைக் கொல்வதுதான் அதன் வேலை.

கடிவாய் வழியே புகும் இளம்புழு ஏறக்குறைய இரண்டு மாதம் தோலடியிலும் தசையிலும் வளர்ந்து, பிறகு ரத்தத்தோடு நுரையீரல் தமனிக்குப் போய்ச் சேரும். அங்கே பெண்புழு ஓர் அடி நீளம்வரை வளரும். ஐவர்மெக்டின், மில்பெமைசின், மாக்சிடெக்டின், செலமெக்டின் எல்லாமே முதல் சில வாரப் பருவத்தில்தான் நன்றாகப் பிடிக்கும். ஆக, இன்று கொடுப்பது போன மாதம் நுழைந்த புழுவுக்கு. இரண்டு தவணை விட்டால் புழு கைமீறிவிடும்.

அதனால், நம்மால் தவறாமல் கொடுக்க முடிந்த மருந்தே நல்ல மருந்து என்பேன். மாத்திரையைத் துப்பும் நாய்க்குப் பிடரியில் விடும் சொட்டுமருந்து உண்டு. மறதிக்கார வீட்டுக்கு, அமெரிக்காவில் ஆறு மாதமோ ஓராண்டோ தாங்கும் மாக்சிடெக்டின் ஊசி இருக்கிறது. வளர்ந்த நாயென்றால் தொடங்குமுன் ரத்தப் பரிசோதனை கட்டாயம்: ரத்தத்தில் நுண்புழு மண்டியிருந்தால், அவை ஒரேயடியாகச் செத்து நாய்க்கு அதிர்ச்சி உண்டாகலாம்.

மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டினைத் தயவுசெய்து தொடாதீர்கள். அதில் ஒரு மில்லிக்கு 10 மில்லிகிராம் மருந்து. 20 கிலோ நாய்க்குத் தடுப்பளவு 0.12 மில்லிகிராம்தான், ஒரு சொட்டில் கால்பங்கு. கோலி இன நாய்கள் பலவற்றுக்கு மூளையிலிருந்து இம்மருந்தை வெளியேற்றும் மரபணு பழுதாக இருக்கும். தடுப்பளவை அவை தாங்கும். அளவு எகிறினால் வலிப்பு, கோமா, மரணம்வரை போகும்.