தேயிலை எல்லையோரத்தில் ஒரு வீடு

மலையக நகரங்களில் வாழும் நம்மவர்களிற் பலருடைய வாழ்க்கை கடைத்தெருவோடு பிணைந்தது. புகையிரதப் பாதை 1874இல் நாவலப்பிட்டிக்கும், 1884இல் ஹற்றனுக்கும், 1885இல் நானுஓயாவுக்கும் வந்து சேர்ந்தது. புகையிரத நிலையத்தைச் சுற்றிக் கடைகள் எழுந்தன. கீழே கடை, மேலே வீடு என்று குடும்பங்கள் வாழப் பழகிக்கொண்டன. இன்று பிள்ளைகள் பெருகி, அந்த மேல்மாடியில் இடம் போதாமற் போய்விட்டது. வெளிநாட்டில் உழைத்த பணம் சிறிது கையில் இருக்கிறது. ஆகவே நகரத்துச் சந்தடியை விட்டு விலகி, அமைதியான கிராமமொன்றில் தேயிலைத் தோட்டத்து எல்லையோரமாக ஒரு வீடு வாங்கிக்கொள்ளலாம் என்ற ஆசை பலருக்கும் வருகிறது. இது நல்ல ஆசைதான். விசாலமான வீட்டை நற்பேறுகளில் ஒன்றாக மார்க்கமும் எண்ணுகிறது.

வீடு வாங்கும் விடயம் பெரும்பாலும் ஆண்களின் பேச்சாகவே முடிந்துவிடுகிறது. தரகரைக் காண்பதும், நொத்தாரிசிடம் போவதும், முற்பணம் கொடுப்பதும் அவர்களே. ஆனால் அந்த வீட்டில் இரவும் பகலும் இருக்கப்போகிறவர் பெண். பல வேளைகளில் விலையில் ஒரு பகுதி அவருடைய கழுத்திலும் கையிலும் கிடந்த நகைதான். எனவே சகோதரிகளே, இக்கட்டுரையை உங்களுக்காகவே எழுதுகிறேன். வாசித்துவிட்டு, முற்பணம் கொடுக்குமுன் வீட்டு ஆண்களிடம் சில கேள்விகளைக் கேளுங்கள்.

எல்லைக் கல்லுக்கு அப்பால் யாருடைய காணி?

மலையகத்தில் ஒரு வீட்டின் பின்வேலிக்கு அப்பால் தேயிலை இருந்தால், முதலில் கேட்க வேண்டியது அந்த எல்லை எங்கே இருக்கிறது என்பதே. 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனிநபர் வைத்திருக்கக்கூடிய தோட்டக் காணியை 50 ஏக்கருக்கு மட்டுப்படுத்தியது. 1975இல் கம்பனித் தோட்டங்களும் அரசுடைமையாயின. 1992இல் தோட்ட நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டது. பின்னர் அவற்றுக்கு 53 வருடக் குத்தகை வழங்கப்பட்டது. நிலம் அரசுக்கே உரியது; கம்பனி குத்தகைக்காரர் மட்டுமே. ஆகவே, "தோட்டத்து ஓரத்தில் பத்துப் பேர்ச்சஸ் எழுதித் தருகிறோம்" என்று ஒருவர் சொன்னால், அவருக்கு அதை எழுதித்தர உரிமை எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டும். தலைமுறை தலைமுறையாக லயத்தில் வாழ்ந்த தொழிலாளிக்கே பல இடங்களில் தன் காம்பராவுக்கு உறுதி கிடையாது. இல்லாத உறுதியை அவர் பிறருக்கு விற்க முடியாது. தனியார் வசமுள்ள பெரிய தேயிலைத் தோட்டங்களையும் நினைத்தபடி துண்டாடி விற்க இயலாது. அதனைக் கட்டுப்படுத்தும் சட்டம் 1958 முதல் இருந்து வருகிறது.

கிராமப்புறக் காணிகளில் இன்னொரு வகை உண்டு. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப் பத்திரமாகவோ மானியப் பத்திரமாகவோ வழங்கப்பட்ட அரச காணிகளே அவை. "அரசாங்கமே எழுதிக் கொடுத்த காணி, இதைவிட நல்ல உறுதி ஏது?" என்று விற்பவர் பெருமையாகச் சொல்வார். ஆனால் அத்தகைய காணியைப் பிரதேச செயலாளரின் முன் அனுமதியின்றிக் கைமாற்ற முடியாது. அனுமதியில்லாமல் எழுதிய உறுதி செல்லாது. பணம் போனது போனதுதான்.

ஓடையின் இரு கரைகளிலும், நீர்த்தேக்கங்களின் ஓரத்திலும், வனத்தின் விளிம்பிலும் ஒதுக்கக் காணிகள் இருக்கின்றன. காசல்ரீ, மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கங்களைப் பார்த்தபடி இருக்கும் நிலம் கண்ணுக்கு இனியதுதான். மவுஸ்ஸாக்கலை நிரம்பியபோது பழைய மஸ்கெலியா நகரமே நீருக்குள் போனது என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள். அழகான இடம் என்பதனால் மட்டும் அது விற்பனைக்குரிய இடமாகிவிடாது.

எனவே, உரிமம் பெற்ற நில அளவையாளரைக் கொண்டு எல்லையை அளந்து, வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு எல்லைக் கல்லையும் நேரில் காலால் நடந்து பாருங்கள். பெண்களும் போங்கள். பிறர் நிலத்தில் ஒரு சாண் அளவை அநியாயமாக எடுத்துக்கொள்வதும், எல்லை அடையாளத்தை நகர்த்துவதும் எவ்வளவு பாரதூரமானவை என்பதை நபி (ஸல்) அவர்கள் கடுமையாக எச்சரித்திருக்கிறார்கள். விற்றவர் நகர்த்திய கல்லை, வாங்கியவர் தெரிந்துகொண்டே காப்பாற்றினால், அந்தப் பாவத்தில் அவரும் பங்காளியாகிறார்.

கையொப்பமிடாத ராத்தா

நம்மவர் ஒருவரிடமிருந்தே வீட்டை வாங்கும்போது நாம் அதிகம் விசாரிப்பதில்லை. "நம்ம ஆள்தானே, பள்ளிவாசல் ஜமாஅத்தில் ஒருவர்தானே" என்று விட்டுவிடுகிறோம். பெரும் சிக்கல் எழுவதும் இங்கேதான்.

ஓர் உதாரணம் பார்ப்போம். வாப்பா ஒருவர் 20 பேர்ச்சஸ் காணியும் வீடும் விட்டு மௌத்தாகிறார். மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகள் ஆகியோரே வாரிசுகள். கடனும் வஸிய்யத்தும் இல்லை. மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு. அதாவது இரண்டரைப் பேர்ச்சஸ். மீதி பதினேழரைப் பேர்ச்சஸ் ஐந்து பங்காகும். ஒவ்வொரு மகனுக்கும் இரண்டு பங்கு வீதம் 7 பேர்ச்சஸ். மகளுக்கு ஒரு பங்கு, மூன்றரைப் பேர்ச்சஸ். இது மார்க்கத்தின் தீர்ப்பு மட்டுமல்ல. 1931ஆம் ஆண்டின் முஸ்லிம்களின் மரணசாதனமில்லா உரிமைச் சட்டத்தின்படி இலங்கை நீதிமன்றமும் முஸ்லிம் சட்டத்தையே பின்பற்றும்.

இப்போது இரண்டு மகன்களும் வந்து உறுதியில் கையொப்பமிட்டு, "முழுக் காணியையும் விற்றோம்" என்கிறார்கள். உண்மையில் அவர்கள் விற்றது 14 பேர்ச்சஸ் மாத்திரமே. உம்மாவினதும் ராத்தாவினதும் 6 பேர்ச்சஸ் அப்படியே நிற்கிறது. நீங்கள் 20 பேர்ச்சஸுக்குப் பணம் கொடுத்து, அவ்விருவருடனும் கூட்டு உரிமையாளராகிவிட்டீர்கள். அந்த ராத்தா பல வருடங்களின் பின் தன் பிள்ளைகளோடு வந்து பங்கு கேட்டால், 1977ஆம் ஆண்டின் பங்கீட்டுச் சட்டத்தின் கீழ் வழக்குப் போட அவருக்கு உரிமை உண்டு. "பத்து வருடம் நாங்கள்தான் இருந்தோம்" என்று சொல்லிக் கூட்டு உரிமையாளரை இலேசில் விலக்கிவிட முடியாது.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் இப்படித்தான் நடந்தது. வீட்டைத் திருத்திக் கட்டி, மூத்த மகளின் கல்யாணத்தையும் அங்கே நடத்தி முடித்த பின்னர், விற்றவரின் ராத்தா வாசலுக்கு வந்தார். அவர் சண்டை பிடிக்கவில்லை. "என் வாப்பாவின் வீட்டில் எனக்கு ஒரு பங்கு இருந்தது; யாரும் என்னிடம் கேட்கவில்லை" என்று மட்டும் சொன்னார். வாங்கியவர்கள் இரண்டாம் முறையும் பணம் தேட வேண்டியதாயிற்று. அந்த ராத்தா மீது குற்றம் சொல்ல யாருக்கு வாய் வரும்? அவருடைய பங்கு அல்லாஹ் விதித்தது; நானாமார்கள் மௌனமாக விழுங்கியது.

ஆகவே உறுதியை வாசிக்கும்போது, விற்பவரின் பெயரை மட்டும் பார்க்காதீர்கள். அவருக்கு உம்மா இருக்கிறாரா, ராத்தா தங்கச்சிமார் எத்தனை பேர், அவர்கள் எங்கே என்று கேளுங்கள். அவர்களும் வந்து நொத்தாரிசு முன்னிலையில் ஒப்பமிட வேண்டும். இக்கேள்வியை ஆண்கள் கேட்கத் தயங்கலாம். நீங்கள் அவ்வீட்டுப் பெண்களோடு அமர்ந்து பேசினால், ஒரு கோப்பைத் தேநீருக்குள் விடை கிடைத்துவிடும்.

அசையாச் சொத்தின் கைமாற்றம் நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் முன்னிலையாக எழுதப்பட வேண்டும் என்பது 1840 முதல் இந்நாட்டுச் சட்டம். வெள்ளைக் கடுதாசியில் முத்திரை ஒட்டி எழுதியது காணி உறுதியாகாது. காணிப் பதிவகத்தில் குறைந்தது முப்பது வருடப் பதிவுகளைத் தேடிப் பார்ப்பது சட்டத்தரணிகளின் வழக்கம். ஈடு வைக்கப்பட்டிருந்தால் அதுவும் அங்கே தெரியவரும். முத்திரைத் தீர்வை முதல் இலட்சத்துக்கு நூற்றுக்கு மூன்று, மீதிக்கு நூற்றுக்கு நான்கு. 50 இலட்சம் ரூபா வீட்டுக்கு இது 1,99,000 ரூபா வரும். இதைக் குறைக்க உறுதியில் விலையைக் குறைத்து எழுதுவோர் உண்டு. அது பொய்ச் சாட்சியம். நாளை வழக்கென்று வந்தால், எழுதிய தொகைதான் பேசும்.

மலை சொல்வதைக் கேளுங்கள்

2014 ஒக்டோபர் 29ஆந் திகதி பதுளை மாவட்டத்தின் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் புதைந்தன. அவ்விடம் ஆபத்தானது என்று முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. 2016 மே 17ஆந் திகதி கேகாலை மாவட்டத்து அரநாயக்கவில் மலையடிவாரத்து அமைதியான கிராமங்கள் மூடுண்டன. 2025 நவம்பர் இறுதியில் வந்த டிட்வா புயலின்போது கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் ஏற்பட்ட மண்சரிவுகளை நாம் எவரும் மறக்க முடியாது. அமைதியான இடம் வேறு, பாதுகாப்பான இடம் வேறு என்பதை இவை நமக்குக் கற்றுத் தந்துள்ளன.

எனவே, தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கையை வாங்குமுன்பே கேட்டுப் பெறுங்கள். இம்மாவட்டங்களில் கட்டட அனுமதிக்கு எப்படியும் அந்த அறிக்கை கேட்கப்படும். வாங்கிய பின் "கட்டக் கூடாது" என்று வந்தால் என்ன செய்வது?

உங்கள் கண்ணுக்கே தெரியும் அடையாளங்களும் உண்டு. நிலத்திலோ சுவரிலோ அகன்றுகொண்டே போகும் வெடிப்புகள். சரிந்து நிற்கும் மரங்களும் மின்கம்பங்களும். திடீரென்று தோன்றும் நீரூற்று. இருந்த ஊற்று வற்றிப் போதல் அல்லது கலங்கி வருதல். நேற்றுவரை நன்றாகத் திறந்த கதவும் ஜன்னலும் இன்று இறுகுதல். புதிதாகப் பூசி வர்ணம் அடித்த சுவரைச் சந்தேகத்தோடு பாருங்கள். வீட்டின் பின்னால் மண்மேட்டை நேராக வெட்டியிருந்தால், தடுப்புச் சுவர் உண்டா, அதிலே நீர் வடியத் துவாரம் உண்டா என்று கவனியுங்கள். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாக இருக்க வேண்டும். 100 ஆனால் வெளியேற ஆயத்தமாக வேண்டும். 150ஐ எட்டினால் வெளியேறிவிட வேண்டும். இதுவே அந்நிறுவனம் கையாளும் அளவுகோல்.

வெயிற் காலத்தில் வீட்டைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வட்டவளை, கினிகத்தேனை, நோர்ட்டன்பிரிட்ஜ் பக்கம் தென்மேல் பருவமழையிலும், வலப்பனை, இராகலைப் பக்கம் வருடக் கடைசி மழையிலும் ஒரு தடவை போய்ப் பாருங்கள்.

பீலியும் பாதையும்

மலைக் கிராமத்தில் தண்ணீர் பீலியிலிருந்து குழாய் வழியாக வரும். அந்த ஊற்று யாருடைய காணியில் இருக்கிறது? எத்தனை வீடுகள் அதைப் பங்கிடுகின்றன? மாசி, பங்குனி வரட்சியிலும் வருகிறதா? தேயிலைக்கு அடிக்கும் மருந்து அதில் கலக்க வழியுண்டா? இவற்றைப் பக்கத்து வீட்டுப் பெண்களிடம் கேளுங்கள். குடம் தூக்கியவர்களுக்குத்தான் உண்மை தெரியும்.

பாதையும் அப்படியே. தோட்டத்துப் பாதை பொதுப் பாதையாக இருக்க வேண்டும் என்பதில்லை. இன்று வாகனம் போகலாம். நாளை நிர்வாகம் தடைமரம் போடலாம். பாதை உரிமை உறுதியிலும் வரைபடத்திலும் எழுதப்பட்டிருக்க வேண்டும். ஜனாஸாவைத் தூக்கிச் செல்லவும், பிரசவ வேதனையில் இருப்பவரை வைத்தியசாலைக்குக் கொண்டுபோகவும் அந்தப் பாதைதான்.

நிர்வாக எல்லையையும் தெரிந்துகொள்ளுங்கள். 2018 தேர்தலுக்கு முன் அம்பகமுவ பிரதேச சபை அம்பகமுவ, நோர்வூட், மஸ்கெலியா என மூன்றானது. நுவரெலியா பிரதேச சபையும் நுவரெலியா, கொட்டகலை, அக்கரபத்தனை என மூன்றானது. பழைய உறுதியில் ஒரு சபையின் பெயரும், இன்று வரி கட்டுவது வேறொரு சபைக்குமாக இருக்கலாம். எந்தச் சபை, எந்தக் கிராம உத்தியோகத்தர் பிரிவு என்பதை நிச்சயப்படுத்திக் கொள்ளாவிட்டால், பிள்ளையைப் பாடசாலையில் சேர்க்கும் நாளில்தான் அலைச்சல் தெரியும்.

வீட்டுக்கு முன் அயல்வீடு

தோட்ட எல்லையோரக் கிராமத்தில் பெரும்பாலும் ஒரு பக்கம் தமிழ்த் தொழிலாளர் குடும்பமும், மறுபக்கம் சிங்களக் குடும்பமும் அயலவராக வாய்க்கும். பள்ளிவாசலும் மத்ரஸாவும் மையவாடியும் எவ்வளவு தூரம் என்று பார்ப்பது நியாயமே. ஆனால் நள்ளிரவில் மலை இரைந்தால் முதலில் கதவைத் தட்டுபவர் அந்த அயலவர்தான். அயலவரின் உரிமையில் மார்க்கம் மதம் பார்ப்பதில்லை. கழிவுநீரை அவர் பக்கம் விடாதிருப்பதும், அவர் பீலியை அடைக்காதிருப்பதும் வீடு குடிபுகும் விருந்தைவிட முக்கியம்.

கூட்டுக் காணியில் ஒருவர் தம் பங்கை விற்கும்போது மற்றப் பங்காளிக்கு வாங்கும் முன்னுரிமை உண்டு. இதனை ஷுஃப்ஆ என்பர். நாம் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில் இது பங்காளிக்கு மட்டும். ஹனஃபீ மத்ஹபில் ஒட்டிய அயலவருக்கும் உண்டு. நாட்டுச் சட்டம் எதுவாயினும், பேரம் முடியுமுன் அயலவர் காதில் போட்டுவைப்பது நல்ல ஒழுக்கம். மறைத்து வாங்கிய வீட்டில் மனத்தாங்கல் முதலிலேயே குடியேறிவிடும்.

யார் பெயரில் எழுதுவது?

கடைசியாக, சகோதரிகளே, உங்கள் நகையைப் பற்றி ஒரு வார்த்தை. மஹராகக் கிடைத்ததும், உம்மா போட்டனுப்பியதும் உங்களுடைய சொத்து. குடும்பத்துக்கு இருப்பிடம் கொடுப்பது கணவரின் பொறுப்பு. நீங்கள் மனமுவந்து நகையைக் கொடுத்தால், அது அன்பளிப்பா, கடனா, வீட்டில் பங்கா என்பதை இருவரும் பேசி முடிவு செய்யுங்கள். பங்கு என்றால், எத்தனை பங்கு என்று உறுதியிலேயே எழுதுங்கள். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்குமாறு அல்குர்ஆன் கட்டளையிடுகிறது. அக்கட்டளை கணவன் மனைவிக்கு மட்டும் விலக்களிக்கவில்லை. எழுதாமல் விட்டால், கணவர் மறைந்த பின் உங்கள் நகையால் வாங்கிய பகுதியும் வாரிசுச் சொத்தாகக் கணக்கிடப்பட்டு, அதிலே உங்களுக்கு எட்டில் ஒன்று மட்டும் மிஞ்சும். அப்போது யாரிடம் போய்ச் சொல்வது?

மேலே சொன்ன காணி அபிவிருத்திச் சட்டத்தில் பின்னுரிமையாளரைப் பெயரிடாமல் ஒருவர் இறந்தால், ஆண் மக்களுக்கே முன்னுரிமை என்ற விதி நெடுங்காலம் இருந்தது. 2022ஆம் ஆண்டுத் திருத்தமே அந்தப் பாகுபாட்டை அகற்றியது. பெண்ணின் பெயர் காகிதத்தில் ஏறுவதற்கு இந்நாட்டில் இத்தனை காலம் பிடித்தது. நம் வீட்டிலும் அவ்வளவு காலம் பிடிக்க வேண்டுமா?

வீடு வாங்கும் நாளில் மௌலவியை அழைத்து துஆ கேட்கச் சொல்கிறோம். அதற்கு முன், வாரிசுப் பெண்கள் எல்லோரும் ஒப்பமிட்டார்களா, எல்லைக் கற்கள் உரிய இடத்தில் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டால், அந்த துஆவுக்கு ஆமீன் சொல்ல நாவு தயங்காது. பிறர் உரிமை கலவாத வீட்டையும், நல்ல அயலவரையும் அல்லாஹ் நம் எல்லோருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.