கேம்பிரிட்ஜ் குளிரும் கல்விக் கடனும்

1914 ஏப்ரலில் இங்கிலாந்து போய்ச் சேர்ந்த கணித மேதை ராமானுஜனுக்குக் கட்டிலில் படுப்பதே பெரும்பாடாக இருந்தது. கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரி அறையில் குளிர் தாங்காமல் ஓவர்கோட்டைப் போட்டு, மேலே சால்வையும் சுற்றிக்கொண்டுதான் தூங்குவார். அங்கே கிங்ஸ் கல்லூரியில் படித்த நண்பர் மகலனோபிஸ் ஒருநாள் வந்து பார்த்தபோது, கட்டிலில் கம்பளிகள் இல்லாமல் இல்லை. ஓரங்களை மெத்தைக்கு அடியில் இறுக்கச் செருகி, மேலே விரிப்பும் போட்டு வைத்திருந்தார்கள். அதை விலக்கி உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பதை மகலனோபிஸ்தான் காட்டிக் கொடுத்தார். பாயில் படுத்து வளர்ந்தவருக்கு அது எப்படித் தெரியும்?

சாப்பாடு அடுத்த தொல்லை. சுத்த சைவம், தானே பொங்கித் தின்றார். ஆகஸ்டில் யுத்தம் மூண்டதும் காய்கறியே அரிதானது. கொட்டை எடுத்த புளி வேண்டும் என்று ஊருக்குக் கடிதம் எழுதினார்.

இன்று லண்டன் ஈஸ்ட் ஹாம் கடைத்தெருவில் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் கிடைக்கின்றன. இங்கிருந்து படிக்கப் போகும் மாணவர்களுக்குப் புறப்படும் முன்பே வாட்ஸ்அப் குழுவில் அறைத்தோழர்கள் அமைந்துவிடுகிறார்கள். குளிரையும் புளியையும் பற்றி இனிப் புலம்ப வேண்டியதில்லை.

பணம்தான் தலைகீழாகிவிட்டது. ராமானுஜனுக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுண்டு கொடுத்தது. அதில் 50 பவுண்டு ஊரில் இருந்த குடும்பத்துக்கு. டிரினிட்டி தன் பங்குக்கு 60 பவுண்டு தந்தது. 1919-இல், பெற்றோருக்குக் கொடுத்ததுபோக மிஞ்சுவதை ஏழை மாணவர் படிப்புக்குச் செலவிடுங்கள் என்று அவரால் எழுத முடிந்தது. இன்று முதுநிலை படிக்கப் போகும் பிள்ளைக்காக வீட்டுப் பத்திரம் வங்கிக்குப் போகிறது. கட்டணம் தனி, விசாவுக்கு ஒன்பது மாதச் செலவுப் பணம் 28 நாள் கணக்கில் அசையாமல் இருக்க வேண்டும், மருத்துவத்துக்கென ஆண்டுக்கு 776 பவுண்டு முன்கூட்டியே கட்ட வேண்டும். “பார்ட் டைம்ல சமாளிச்சிடலாம்” என்று ஏஜென்ட் சொல்வார். வகுப்பு நடக்கும் மாதங்களில் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்ய விசா அனுமதிக்காது என்பதை அதே மூச்சில் சொல்லமாட்டார்.

வகுப்பறையில் மட்டும் பழைய சிக்கல் அப்படியே இருக்கிறது. சூத்திரங்களைக் கொட்டிய ராமானுஜனிடம், அவரை இங்கிலாந்துக்கு வரவழைத்த கணிதவியலாளர் ஹார்டி நிரூபணம் கேட்டார். ரொம்ப வற்புறுத்தினால் அந்த ஊற்று வற்றிவிடுமோ என்ற பயமும் ஹார்டிக்கு இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். நம் கல்லூரியில் நோட்ஸை அப்படியே எழுதி முதல் மதிப்பெண் வாங்கியவன், அங்கே அப்படி எழுதினால் திருட்டு என்ற குற்றச்சாட்டில் நிற்கிறான். எந்த வரி யாருடையது, அதைப் பற்றி உன் கருத்து என்ன என்ற கேள்விகளுக்கு அவன் இதுவரை பழகியதே இல்லை. இருநூறு பேர் உள்ள வகுப்பில் அவனுக்கு ஹார்டி எங்கே கிடைப்பார்? நகலைக் கண்டுபிடிக்கும் டர்னிட்டின் மென்பொருள் காட்டும் சதவிகிதம்தான் கிடைக்கும்.

ராமானுஜனின் மனைவி ஜானகி எழுதிய கடிதங்களை மாமியார் போய்ச்சேர விடவில்லை என்பார்கள். இப்போது தினமும் வீடியோ காலில் முகம் பார்த்தாகிறது. “சாப்பிட்டியாப்பா?” என்று அம்மா கேட்டால், “ஆச்சும்மா” என்று பதில் வரும், கிடங்கில் இரவு ஷிப்ட் முடித்து வந்தது பேச்சில் வராது. பத்திரம் வங்கியில் இருக்கும்போது எதைச் சொல்வது?

படிப்பு முடித்து அங்கேயே வேலை தேட இரண்டு ஆண்டு அவகாசம் இருந்தது. 2027 ஜனவரி முதல் விண்ணப்பிப்பவர்களில் முனைவர் பட்டம் பெற்றவர்கள் தவிர மற்றவர்களுக்கு அது 18 மாதமாகக் குறைகிறது. வங்கித் தவணை அதற்கெல்லாம் காத்திருக்காது.